நாங்க என்றால் யார்

தத்தெடுக்க விண்ணப்பித்தவரின் வீட்டைச் சமூகப் பணியாளர் ஒருவர் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்னைவிட மிக இளைய பெண். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினார்.

“காபி வேணாம் மேடம், டீ இருந்தா குடுங்க.”

“நாங்க டீதான் போடுவோம்,” என்றேன்.

எப்போது உறங்குவேன் என்று கேட்டார். “நாங்க சீக்கிரமே படுத்துடுவோம்.”

அவருடைய பேனா நின்றது. “நாங்கன்னா யாரு? தனியா இருக்கன்னுதானே எழுதியிருக்கீங்க?”

“தனியாத்தான் இருக்கேன்.”

“எங்க வீடுன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. நீங்க டீ போடறதுக்கும் படுக்கறதுக்கும் நாங்கன்றீங்களே. பீரோவுக்குள்ள யாருனா ஒளிஞ்சிருக்காங்களா?”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் தாழ்ந்த குரலில், “இத இப்படியே எழுதினா மேல கேள்வி கேப்பாங்கக்கா,” என்றார்.

என்னோடிருந்த அம்மா இறந்தபின் அவருடைய புடவைகளைக் கொடுத்துவிட்டேன், கட்டிலையும் கொடுத்துவிட்டேன். வினைமுற்றின் ‘ஓம்’ விகுதியை மட்டும் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வைத்திருந்தேன் போலும். அன்று ஒவ்வொரு விடையையும் மீண்டும் சொன்னேன். நான் டீ போடுவேன். நான் படுத்துவிடுவேன். உடம்புக்கு முடியாமல் போனால், நானே ஆட்டோ பிடித்துப் போவேன். ஒரு பிள்ளை வேண்டுமென்றால், எனக்கு யாருமில்லை என்பதை முதலில் இலக்கணப் பிழையின்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அறிக்கை சாதகமாகவே அமைந்தது. அதன்பின் காத்திருப்பு. பெற்றோராக வருபவரின் வயது ஏற ஏற, அவருக்குத் தரப்படும் குழந்தையின் வயதும் ஏறும் என்பது இன்னொரு விதி. முதலில் தொட்டிலுக்கு இடம் ஒதுக்கியிருந்தேன். இப்போது அதே சன்னலோரத்தில் படிக்கும் மேசை ஒன்று போட்டிருக்கிறேன். எங்கோ ஒரு பிள்ளை நானில்லாமலே நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு மாலை வேளைகளில் வரும். அதை ஆற்றிக்கொள்ள வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அறிக்கைக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்ததும், புதுப்பிக்க அதே பெண் சென்ற மாதம் மறுபடியும் வந்தார். மேசையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எல்லாக் கேள்விகளுக்கும் ‘நான்’ என்றே விடை சொன்னேன். ஓரிடத்திலும் அவருடைய பேனா நிற்கவில்லை.

கிளம்பும்போது வாசலில், “இந்தத் தடவ ஒரு வாட்டிகூட நாங்கன்னு சொல்லவே இல்லியேக்கா,” என்றார்.

அந்தச் சொல்லைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.