பெரிய மாப்பிள்ளையின் காலி டேங்க்

"என் காசுல வாங்கின டீசல் ஒரு சொட்டு அவன் வயல்ல எரிஞ்சுதுன்னா, அன்னையிலேர்ந்து என்னை மனுஷன்னே மதிக்க வேண்டாம்!"

பெட்ரோல் பங்க்கில், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி, காலி கேனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பெரிய மாப்பிள்ளை செய்த பிரகடனம் இது. யாரும் மறுத்துப் பேசவில்லை. டீசல் பிடிக்கும் ஆள் மட்டும், "சரிண்ணே, கேனைக் கொஞ்சம் கீழ இறக்குனீங்கன்னா ஊத்திடுவேன்" என்றார்.

'அவன்' என்பது சின்ன மாப்பிள்ளை. இருவரும் சகலைகள். மாமனார் கண்ணை மூடும்போது இரண்டு மகள்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிராக்டரை விட்டுவிட்டுப் போனார். நிலத்தை அளந்து பிரிக்கலாம், பாத்திரத்தை எண்ணிப் பிரிக்கலாம். டிராக்டரை எங்கே வெட்டுவது? ஆகவே ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே, ஞாயிற்றுக்கிழமை கைமாற்றம் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். மாமியாரின் தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது.

பெரிய மாப்பிள்ளைக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் சின்னவன் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த நாளிலிருந்து அவர் ஊருக்கே பெரிய மாப்பிள்ளை ஆகிவிட்டார். பட்டம் பெரிதுதான், பலனெல்லாம் சின்னதுக்குப் போனது. சின்னவன் சிரித்தால் மாமியார் சிரித்தார். பெரியவர் சிரித்தால், "என்ன மாப்ளே, பல்லு வலியா?" என்றார். சின்னவனுக்கு நாற்பதைத் தாண்டியும் முடி அடர்த்தியாக இருந்தது. இந்த அநியாயத்தைப் பற்றிப் பெரியவர் கண்ணாடியிடம் பலமுறை புகார் செய்திருக்கிறார். டிராக்டர்கூட அவன் சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் கிளம்பும்; இவர் திருப்பினால் தொண்டையைச் செருமிக்கொண்டு யோசிக்கும்.

போதாக்குறைக்கு வீட்டுக்குள்ளேயே துரோகம்.

"தங்கச்சி வீட்டுக்காரர் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்ங்க" என்றாள் மனைவி ஒருநாள்.

"அப்ப நான் பேசினா?"

"நீங்க பேசறப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். வேற வழி?"

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். சின்னவன் வாராவாரம் வண்டியைத் திருப்பி விடும்போது டேங்க்கில் பாதி டீசல் இருக்கும். "இருக்கட்டும்ணே, ஓட்டுங்க" என்று சிரித்துவிட்டுச் சைக்கிளில் போய்விடுவான். சாதாரணப் பொறாமைக்காரன் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பான். பெரிய மாப்பிள்ளை சாதாரணமானவர் அல்ல. "எனக்கே பிச்சை போடறானா?" என்று கொதித்தார். கொதித்தபடியே டேங்க்குக்குள் ஹோஸை விட்டு, அந்த அவமானம் முழுவதையும் உறிஞ்சித் தன் பீப்பாயில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

பதிலுக்குத் தாமும் பாதி டேங்க் விட வேண்டுமே என்ற நெருக்கடி அவருக்கு வரவே இல்லை. தன் வாரத்தில் அன்றன்றைக்கு உழவுக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுவார். சாயங்காலம் கொட்டகையில் வண்டி நிற்கும்போது டேங்க் வறண்டு கிடக்கும். கைமாற்றத்தன்று மிச்சம் மீதி இருந்தால் அதையும் ஹோஸ் போட்டு எடுத்துவிடுவார். அடியில் கசடு இருக்கும் என்பதால் ஹோஸின் முனையை ஒரு விரல் உயரத்திலேயே நிறுத்திவிடுவார். அந்த ஒரு விரல்தான் அவர் சகலைக்குக் கொடுத்த சீதனம்.

குளிர் தொடங்கியதும் வண்டி மக்கர் செய்தது. சின்னவன் வயல் நடுவே வெள்ளைப் புகை விட்டு, விக்கி, நின்றுபோனது. அடுத்த முறையும் அதே கதை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பெரியவர் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். ஏனென்றால் டீசலில் சேர்ந்த தண்ணீரை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, எதிரிகூட ஒப்புக்கொள்வான். எதிரி ஒப்புக்கொண்டதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் நிறுத்திவைத்தார், தண்ணீர் அடியில் இறங்கட்டும் என்று. காலையில் டேங்க்குக்கு அடியில் இருக்கும் மரையாணியைத் திருகி, கண்ணாடிப் பாட்டிலைக் காட்டினார். முதலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. பிறகு டீசல். ஆணியை இறுக்கினார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார். ஃபில்டர் தலையில் இருந்த திருகைத் தளர்த்திவிட்டு, கை பம்பை அடித்து அடித்துக் குமிழ் அடங்கும்வரை காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவே கோடு கிழித்தது போல எல்லை. அவர் அந்தக் கோட்டைக் காதலோடு பார்த்தார். தண்ணீர் தானாக வருமா? சின்னவன்தான் ஊற்றியிருக்கிறான், அல்லது மூடியைத் திறந்து போட்டிருக்கிறான். சாட்சியான அந்தப் பாட்டில் சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கொலுவிருந்தது.

செய்தி மாமியாருக்குப் போயிற்று. பதிலும் வந்தது: "யாரால வண்டி கெடுதுன்னு தெரியணும். தெரிஞ்சா, தப்பு பண்ணாதவங்க வீட்டுக்கே வண்டி முழுசாப் போயிடும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

முழு டிராக்டர்! அந்த வாரம் பெரிய மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இனித்தது. வண்டி அவர் கொட்டகையில்தான் இருந்தது. சின்னவன் சுவரேறி வந்து தண்ணீரை ஊற்றிப் பழியை இவர் மேல் போட்டுவிட்டால்? டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். குளிக்கும்போதுகூடச் சாவி சோப்பு டப்பாவில் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும், எதற்கும் பார்ப்போம் என்று அடி ஆணியைத் திருகினார். தண்ணீர் வந்தது.

அவர் பூட்டு, அவர் சாவி, அவர் கொட்டகை. அடுக்களைக்கு ஓடினார்.

"நீ ஏதாவது டேங்க்ல தண்ணி ஊத்தினியா?"

"செடிக்கு ஊத்தவே எனக்கு நேரமில்ல. டேங்க்குக்கு ஊத்தறேனா? போங்க, பாலு பொங்கப் போவுது."

திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். மூடியின் உட்பக்கம் ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்க்கின் உள்சுவரெங்கும் முத்து முத்தாக நீர்த்துளிகள். ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து, கனத்து, சுவரில் வழிந்து அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஊற்றவில்லை. காலி டேங்க்குக்குள் இருந்த காற்று ராத்திரிக் குளிரில் வியர்த்திருந்தது. எவ்வளவு காலியோ அவ்வளவு வியர்வை. அந்தத் தண்ணீரை அடியில் விட்டுவிட்டு, மேலே இருந்த டீசலை மட்டும் ஹோஸ் போட்டு எடுத்து, வாராவாரம் சகலைக்கு அனுப்பிவைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. உண்மை தெரிந்த மனிதன் செய்வதை அவரும் செய்தார்: மூடியை மூடிப் பூட்டினார்.

அன்று முழுக்க ஒரே யோசனை. சொன்னால் டிராக்டர் போகும், அதுவும் சின்னவன் வீட்டுக்கு. சொல்லாவிட்டால் முழுசும் தன்னுடையது. பாட்டில் வேறு அலமாரியில் தயாராக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் சின்னவனோடு வந்து கூடத்து நாற்காலியில் அமர்ந்தார். "மாப்ளே, ஏதோ சாட்சி வச்சிருக்கீங்களாமே?" என்று தொடங்கினார்.

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எழுந்துவிட்டான். "அத்தை, அண்ணனை ஒண்ணும் கேக்காதீங்க. தப்பு என்னுதாத்தான் இருக்கும். மழையில எங்கயாவது மூடியைச் சரியா மூடாம விட்டிருப்பேன். வண்டி அண்ணன்கிட்டயே இருக்கட்டும்."

மாமியார் கண் கலங்கியது. கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பெரிய மாப்பிள்ளையும் துள்ளி எழுந்தார். பார்த்தீர்களா அயோக்கியத்தனத்தை! செய்யாத தப்பைக்கூட எவ்வளவு அழகாக ஒப்புக்கொள்கிறான்! தான் ஒரு நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்தும் சொல்ல முடியாததை, இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நொடியில் சொல்லிவிட்டு நல்ல பேரையும் தட்டிக்கொண்டு போகிறானே!

"எந்த மழைடா?" என்று சீறினார். "மழை பெஞ்சு எத்தனை வாரமாச்சு? தெரியாதவன் பேசக் கூடாது. அது காத்துல இருந்து வந்த தண்ணி."

"காத்துல இருந்தா?" என்றார் மாமியார்.

"டேங்க் காலியா கிடந்தா ராத்திரிக் குளிர்ல உள்ள வேர்க்கும், அத்தை. யாரும் ஊத்தல."

"நிறைஞ்சிருந்தா?"

"வேர்க்காது."

"அப்ப எங்க காலியா கிடந்துச்சு?"

பெரிய மாப்பிள்ளை தரையில் எதையோ தேடினார். "இங்கதான்" என்றார், தரையிடமே. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

உள்ளே சின்னவன், "அட, அதுக்கென்ன அத்தை, மாத்தி மாத்தியே ஓட்டிக்குவோம்" என்று சமாதானம் சொல்லும் குரல் கேட்டது. அதிலும் நல்ல பேர் வாங்கிவிட்டான். காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

முந்தின நாள் பங்க்கில் வாங்கி வந்த கேன்கள் சுவரோரம் இருந்தன. பெரிய மாப்பிள்ளை டேங்க் பூட்டைத் திறந்து, புனலை வைத்து ஒரு கேனைச் சாய்த்தார். கடைசிச் சொட்டு வரை வடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். பாதிதான் வந்திருந்தது. காலிக் கேனைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கேனின் மூடியைத் திருகினார்.