பட்டா தளர்ந்த சக்கரம்
தங்கச் சுரங்கங்கள் புதிதாகத் திறந்த காலத்தில் நானும் மச்சானும் பூதிகோட்டையிலிருந்து மாரிகுப்பத்துச் சுரங்கத்துக்கு, உள்ளே கூரையைத் தாங்கும் முட்டு மரம் ஏற்றி மாட்டுவண்டி ஓட்டினோம். கோடையில் சக்கரத்தின் மரம் காய்ந்து சுருங்கும். சுற்றியுள்ள இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் குட்டையில் ஊறப்போட வேண்டும். அந்த வருஷம் குட்டையில் சேறுகூட இல்லை. மச்சான் பட்டாவின் இடைவெளியில் மர ஆப்புகளை அடித்தான்.

"மாரிகுப்பம் வரைக்கும் தாங்கும், வா மச்சான்," என்றான்.

"இன்னா தாங்கும்? ஆப்பு தெறிச்சா மாடுதான் சாவும்."

அவன் கேட்கவில்லை. நான் திட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மாரிகுப்பத்து இறக்கத்தில் ஆப்புகள் தெறித்தன. பட்டா கழன்று தனியாக உருண்டு ஓடியது. வெறும் மரச் சக்கரம் கல்லில் மோதி நொறுங்கியது, வண்டி குடைசாய்ந்தது. சரிந்த மரங்கள் வலத்து மாட்டின் முதுகை முறித்தன. அது கத்தவும் முடியாமல் முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டியது. மச்சானை அறைந்தேன். கீழே விழுந்தவனை உதைத்தேன். அவன் தடுக்கவே இல்லை, மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மரத்துக்காகக் கீழே காத்திருந்த சுரங்க மேஸ்திரி, பட்டாவை உருட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"பட்டா நல்லாத்தான் கீது. வேற சக்கரத்துல மாட்டிக்கினு சீக்கிரம் வாங்க," என்றார்.

மச்சானை விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்தேன்.