பதினொன்று என்று எழுதிய தாள்

அந்த மாதம் முழுவதும் வாசல் மணி அடித்தாலே பெரிய டீச்சர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். "இம்மாதத்தில் ஏதேனும் ஒரு நாள், முன்னறிவிப்பின்றித் தங்கள் மையத்தில் ஆய்வு நடைபெறும்" என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முன்னறிவிப்பில்லாத ஆய்வுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பதில் கெட்டிக்காரர். மாதம் பிறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இதுவரை மணி அடித்தவர்கள் தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஏணியோடு வந்த மின்சாரக்காரர். மூவரையும் ஆய்வாளர் என்றே நினைத்து டீச்சர் வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தார். மின்சாரக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று கையிலிருந்த முகவரியை இன்னொரு தடவை படித்துக்கொண்டார்.

பெரிய டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு நர்ஸ் வேலைக்குப் போக வழியில்லாமல் அழுதபோது, அவளுடைய இரட்டைக் குழந்தைகளைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு நான்காகி, நான்கு பன்னிரண்டாகி, இப்போது வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டின் கீழ்த்தளம் முழுக்க நாற்பத்தாறு குழந்தைகள், ஒன்பது பணியாளர்கள். குழந்தைகள் பகல் காப்பகம் என்று வாசலில் பலகை, அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமம். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பரிதாபமாகக் கேட்டால், "நாப்பத்தாறு பத்தாதா?" என்பார்.

விதிமுறைப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குழாயில் வெந்நீர் எவ்வளவு சூடு இருக்கலாம், வேலிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம், கதவுக் கொண்டி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உண்மையில் அந்த மாதம் அவரை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை, அவர் தூங்கினால்தானே. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவர், அன்று காலையும் தேநீரை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். செக்கர் ஏறுவான்னு நான் ஒருநாள் கூட பயந்ததில்ல."

"உங்களுக்கென்ன, டிக்கெட் குடுக்கறது கண்டக்டர் வேலை. நீங்க ஏன் பயப்படணும்?" என்றார் டீச்சர். தேநீரைக் குடிக்கவே இல்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. சூடு கண்ட பூனை அவர். போன வருட ஆய்வில் எல்லாம் சரியாக இருந்து, தூக்க அறைத் தாளில் மாட்டிக்கொண்டார்கள். மதியம் சின்னக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு குழந்தையிடமும் போய்க் குனிந்து மூச்சு, முகத்தின் நிறம், படுத்திருக்கும் விதம் மூன்றையும் பார்த்து, தாளில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும். அன்று ஒரு குழந்தை வாந்தி எடுத்து, அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்ததில் மூன்று கட்டங்கள் காலியாக விட்டுப்போயின. எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தூக்க அறையில் இன்னொரு முறை குறை கண்டால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு டீச்சர் காலைக் கூட்டத்தில் தினமும் ஒரே பாட்டுத்தான் பாடினார்: "எது எப்படிப் போனாலும் கட்டம் காலியா இருக்கக் கூடாது." சாயங்காலம் தாளை வாங்கிப் பார்ப்பார். ஒரு வருடமாக ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. பெருமையாகக் கோப்பில் போட்டு வைத்தார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அழுகையும் முன்போலவே இருக்க, கட்டம் மட்டும் எப்படி ஒன்றுகூடத் தப்பாமல் நிறைகிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும். நல்ல செய்தியை யார்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

அன்று பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வாசலில் முப்பது வயதுப் பெண் ஒருத்தர், தட்டைச் செருப்பு, தோளில் துணிப்பை, கழுத்தில் அடையாள அட்டை. "ஆய்வுக்கு வந்திருக்கேங்க. உங்க வேலைய நீங்க பாருங்க, நான் ஒவ்வொரு எடமா பாத்துக்கறேன்" என்றார் ஆய்வாளர், மிக மெதுவான குரலில். சத்தம் போடும் அதிகாரி என்றால் பெரிய டீச்சருக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மெதுவான குரல் அவரை இன்னும் கலக்கியது.

ஆய்வாளர் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு முதலில் சமையலறைக்குப் போனார். டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்னறையில் பெரிய குழந்தைகளோடு ஒரே ஒரு ஆள் இருப்பது கண்ணில் பட்டது. பார்க்க நன்றாக இருக்காது என்று, தூக்க அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தியைக் கூப்பிட்டு, கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து முன்னறையில் உட்கார வைத்தார். பிறகு தூக்க அறைக்குள் நுழைந்தார்.

திரை போட்ட அரை இருட்டு. தரையில் தாழ்வான மெத்தைகள், அவற்றில் சின்னச் சின்ன உருவங்கள். மூலையில் தூக்க அறை அக்கா, இன்னும் தூங்காததால் தாளில் பெயர் ஏறாத, அழுகிற கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டியபடி, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இந்த அறையில் பதினோரு வருடமாக இருப்பவள். எந்தக் குழந்தை எந்தக் கன்னத்தை மெத்தையில் வைத்துத் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். டீச்சர் குழந்தைகளைப் பார்க்கவில்லை. நேராக அலமாரி மேல் இருந்த தாளிடம் போனார்.

தாள் நிறைந்திருந்தது. அதுதான் வினை. மணி பன்னிரண்டு ஐம்பது, தாளில் டிக் இரண்டு மணி வரை போட்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் டீச்சர். விரல் இரண்டு மணிக் கட்டத்தின் மேல் இருந்தது.

அக்கா திரும்பினாள். "காலியா இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல டீச்சர். நடுவுல ஏதாவது ஆனா விட்டுப்போகுது. அதான் முன்னாடியே போட்டு வச்சிடறது. போட்டுட்டு நான் பாத்துட்டுத்தான் இருப்பேன்."

"எவ்ளோ நாளா?"

"போன வருஷத்துலேருந்து."

அந்த நேரத்தில் டீச்சருக்குக் கோபம் வரவில்லை, நேரம்தான் போதவில்லை. சமையலறையில் குழாய் நின்ற சத்தம் கேட்டது. தாளை நாலாக மடித்து மேலங்கிப் பைக்குள் திணித்தார். இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை உருவினார். பழைய வரிசையிலேயே பதினோரு பெயர்களை எழுதினார். பன்னிரண்டு மணியிலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை ஆளுக்கு ஆறு டிக், மொத்தம் அறுபத்தாறு. அக்காவின் கைகளில் குழந்தை இருந்ததால் கீழே கிறுக்கலாக ஒரு சுருக்கொப்பமும் தானே போட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை என்பதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தார்.

ஆய்வாளர் கதவைத் திறந்து, உள்ளே வந்து, இருட்டுக்குக் கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். டீச்சருக்கு மேலங்கிப் பைக்குள் மடித்த காகிதம் செங்கல் மாதிரி இருந்தது. தாளை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் வாங்கிப் படித்தார். பிறகு மெத்தை மெத்தையாக விரல் நீட்டி எண்ணினார். ஒரு தடவை. இரண்டாவது தடவை.

"தூங்கறவங்க பதினொண்ணுன்னு இருக்கு. எனக்குப் பத்துதான் வருது."

"பதினொண்ணு இருக்கும்ங்க," என்று சொல்லிக்கொண்டே டீச்சரும் எண்ணினார். பத்து. ஜன்னலடி மெத்தையில் போர்வை மட்டும் சுருண்டு கிடந்தது. அது புல்டோசரின் மெத்தை. பதினாலு மாதப் பெண் குழந்தை. தவழ்கிற வழியில் எதிர்ப்பட்டதையெல்லாம் தலையால் முட்டித் தள்ளுவதால் அந்தப் பெயர். அவளுடைய பெயருக்கு எதிரேதான் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் டீச்சர் தன் கையால் ஆறு டிக் போட்டிருந்தார்: மூச்சு சரி, நிறம் சரி, படுத்திருக்கும் விதம் சரி.

குளியலறை என்று நினைத்தார். அங்கே வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று நினைத்தார். வாசல் மணி அடித்தபோது கேட்டைச் சாத்தினோமா என்று நினைத்தார். ஒவ்வொரு நினைப்பும் முந்தையதைவிட மோசமாக வந்தது. ஆய்வாளர் குளியலறைக்கு ஓடினார். தட்டைச் செருப்பு ஏன் போட்டிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

அக்கா மட்டும் ஓடவில்லை. தோளில் இருந்த குழந்தையை டீச்சர் கையில் திணித்துவிட்டு, எதிர்ச் சுவருக்குப் போனாள். அங்கே உபரி மெத்தைகள் சுவரோரம் நிறுத்தி வைக்கப்பட்டு, அவற்றை மறைத்து ஒரு திரை தொங்கியது. தரையில் அடுக்கிக் கிடந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, மாதப் பிறப்பில் டீச்சர்தான் அப்படி நிறுத்தச் சொன்னார். அக்கா திரையை ஒதுக்கினாள். ஒரு மெத்தை சரிந்து, சுவருக்கும் தரைக்கும் நடுவே சாய்ந்திருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இங்க இருக்கா."

புல்டோசர் சுவரில் மூக்கை வைத்துக் குப்புறக் கிடந்தாள். தலைமுடி வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அக்கா அள்ளி எடுத்த பிறகும் ஒரு கணம் அவள் அசையவில்லை. அந்த ஒரு கணத்தில் பெரிய டீச்சரின் பத்தொன்பது வருடமும் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். பிறகு தூக்கம் கெட்ட கோபத்தில் குழந்தை வாயைத் திறந்து ஓவென்று அழுதது. அந்தச் சத்தத்தில் மற்ற பத்தும் எழுந்துகொண்டு சேர்ந்து அழுதன. அவ்வளவு இனிமையான சத்தத்தை டீச்சர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார்.

ஆய்வாளர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை, கால், கழுத்து, உதடு. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எல்லாம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகு தாளைக் கையில் எடுத்தார்.

"பன்னண்டு அம்பதுக்கு இந்தக் குழந்தை மெத்தையில நல்லா தூங்கறதா இதுல இருக்கு. இந்த இனிஷியல் யாரோடது?"

ஆய்வாளரின் பார்வை அக்கா பக்கம்தான் போனது. அறைக்குப் பொறுப்பு அவள்தானே. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. வேலை போனாலும் வாயைத் திறக்க மாட்டாள் என்று டீச்சருக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் போதும். ஒரு ஊழியரின் தவறு, அவரை நீக்கிவிட்டோம், இனி நடக்காது என்று கடிதம் எழுதலாம். காப்பகம்கூடப் பிழைக்கலாம். மனதுக்குள் அந்தக் கடிதத்தின் முதல் வரியே ஓடிவிட்டது. அவரை உத்தமி என்று காட்ட இந்தக் கதையைச் சொல்ல வரவில்லை.

"என்னோடது," என்றார் டீச்சர். பைக்குள்ளிருந்து மடித்த தாளையும் எடுத்தார். "இது மொதல்ல இருந்தது. ரெண்டு மணி வரைக்கும் போட்டிருக்கு. நீங்க பாக்கக் கூடாதுன்னு இத மறைச்சிட்டு, அத நான் எழுதினேன். ஒரு பிள்ளையக்கூட பாக்காம எழுதினேன். இவங்க முன்னாடியே போட்டதுக்கும் நான்தான் காரணம். நான் ஒரு வருஷமா தாளைத்தான் பாத்தேன்."

ஆய்வாளர் இரண்டு தாளையும் ஒரு உறைக்குள் வைத்தார். "நாளைலேருந்து உரிமம் நிறுத்தி வைக்கிறோம். மூணு வாரத்துல விசாரணை. திரும்பக் கெடைக்குமான்னு இப்ப நான் சொல்ல முடியாதுங்க," என்றார். கதவு வரைக்கும் போய் நின்று, "இன்னைக்கு சாயங்காலமே பெத்தவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நோட்டீஸ் ஒட்டி அவங்க தெரிஞ்சுக்க வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புல்டோசரின் அம்மா வந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள், சீருடையோடு வருவாள். டீச்சர் கேட்டிலேயே நின்று, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சொல்லி முடிக்கும் வரை கேட்டாள்.

"எவ்ளோ நேரம் டீச்சர் அங்க இருந்தா?"

எந்த அம்மா எதைக் கேட்டாலும் டீச்சரிடம் பதில் இருக்கும். எத்தனை வாய் சாப்பிட்டது, எத்தனை முறை துணி மாற்றியது, எத்தனை நிமிடம் தூங்கியது, எல்லாம் நுனிநாக்கில்.

"தெரியலம்மா," என்றார். "அந்த நேரத்துல யாரும் பாக்கல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தினமும் கடையில ஒரு மணிக்குக் கூட்டம் கொறையும் டீச்சர். அப்பதான் கடிகாரத்தப் பாப்பேன். இப்ப நல்லா தூங்கிட்டிருப்பான்னு நெனச்சுக்குவேன். இன்னைக்கும் நெனச்சேன்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த குழந்தையின் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.