இந்த வண்டியில் எத்தனை ட்ரே ஏறும்?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் கடலூரில் ஒரு பைக் ஷோரூமுக்குப் போயிருந்தோம். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் டை கட்டிய ஓர் இளைஞர் ஓடி வந்தார். நேராக என் கணவரிடம் போனார்.

"வாங்க சார். டூரிங் வண்டி பாக்க வந்தீங்களா? உங்க ஹைட்டுக்கு இது கரெக்டா இருக்கும் சார்."

என் கணவர் ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவர். எதற்கும் பதறமாட்டார்.

"ஓட்டப்போறது அவங்க. நான் பின்னாடி உக்கார்ற ஆளு" என்றார்.

அந்தத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டன் சுடிதார். ஐம்பத்தொரு வயது. நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைக் களிமண். பாவம், அவருக்குக் கொடுத்த ட்ரெய்னிங்கில் என்னைப் போல ஒரு கஸ்டமர் வந்திருக்கமாட்டார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பழைய வண்டியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் பொம்மை யூனிட் வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஆறு பெண்கள். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளைக் காயவைத்து, ஊரில் உள்ள பொதுச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வருவோம். சுடாத பொம்மைக்கு எங்கள் ஷெட்டில் பெயர், பச்சை. பக்கத்தில் நின்று தும்மினால்கூட அதற்கு விரல் போய்விடும்.

அந்தப் பச்சையைச் சூளைக்குக் கொண்டுபோகிற வேலை இருபத்திரண்டு வருஷமாக என்னுடையது. அதற்கென்று இருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அன்றைக்குச் சூளையில் எங்கள் முறை. விட்டால் பதினைந்து நாள் காத்திருக்கவேண்டும். என்ன செய்வது? வாசலில் நின்ற நூறு சிசி பைக்கை நானே எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கம்மாபுரத்தில் அண்ணன் வண்டியை அவருக்குத் தெரியாமல் ஓட்டிப் பழகியது கைகொடுத்தது.

பின்னால் மர ட்ரே. அதில் ஃபோம். அதன்மேல் பொம்மைகள். வேகம் முப்பது... ரொம்ப அவசரம் என்றால் முப்பத்தைந்து. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது எழுந்து நின்று ஓட்டுவேன், அதிர்வு என் முழங்காலோடு போகட்டும் என்று. ஆரம்பத்தில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது பஸ் டிரைவரே ஹாரன் அடித்து வழி விடுகிறார்.

சரி, பிறகு எதற்குப் பெரிய வண்டி?

எங்கள் ஊர் டைல்ஸ் கடைகளில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளில் 'மோர்பி' என்று போட்டிருக்கும். குஜராத்தில் இருக்கிறது. ஊர் முழுக்க செராமிக் என்கிறார்கள். அந்தப் பெயரை வருஷக்கணக்காகப் படித்துப் படித்து எனக்கு ஓர் ஆசை. ஒருதடவை அங்கே போய் இறங்கவேண்டும். அதுவும் என் வண்டியில், விருத்தாசலத்து நம்பர் பிளேட்டோடு.

"ரயில்ல போலாமே. எனக்கு பாஸ் இருக்குது" என்றார் என் கணவர்.

"பாஸ்ல போனா நீங்க என்னைக் கூட்டிட்டுப் போன மாதிரி ஆயிடும். நான் உங்களைக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

அவர் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு ஃப்ரீயா தருவாங்களா?"

அவர் அவ்வளவுதான். ஊர்தான் விடவில்லை. டீக்கடை, சூளை, கோயில் வாசல் — எங்கே வாயைத் திறந்தாலும் ஒரே கேள்வி. "அதுல எத்தினி ட்ரே ஏறும்?" அந்த வண்டியின் பின்சீட்டு சரிந்திருக்கும், ட்ரே நிற்காது என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்பறம் எதுக்குங்க அது?" வெட்கமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு பொம்பளை வண்டி ஓட்டினால் அதன்மேல் ஏதாவது ஒரு வேலை இருக்கவேண்டும் என்று நானும்தான் நம்பியிருந்திருக்கிறேன் போல.

அப்போது சரசு ஒரு வழி சொன்னாள். சரசு எங்கள் ஷெட்டில் பதினெட்டு வருஷமாக அச்சு ஊற்றுகிறவள். கறாரானவள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் லோடு ஓட்ட வந்தாலும், எந்த வண்டி வந்தாலும், மூன்று பச்சைப் பொம்மையைக் கொடுத்து அனுப்புவோம். மூன்றும் முழுசாகப் போய்ச் சேர்ந்தால் பாஸ். ஒன்றுக்குச் சேதம் என்றாலும் ஃபெயில். லைசென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அக்கா, ஷோரூம்காரன் ஆயிரம் சொல்லுவான். மூணு பச்சை எடுத்துட்டுப் போங்க. மூணும் முழுசா வந்தா வாங்குங்க. ஒண்ணு ஒடஞ்சாலும் வேணாம், வுட்டுடுங்க."

ஒப்புக்கொண்டேன். எனக்கும் தப்பிக்க ஒரு வழி தேவைப்பட்டதோ என்னமோ.

நாதஸ்வரக்காரர், மேளக்காரர், தாளக்காரர் — மூன்று பச்சைப் பொம்மைகளையும் ஒரு டிபன் பையில் உட்காரவைத்தோம். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் வரை என் கணவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய வண்டி, முப்பத்தைந்தில். ஷோரூம் வாசலில் பையைத் திறந்தேன். மூன்றும் முழுசு. அவ்வளவு தூரம்... அந்தச் சாலையில்! என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதில் என்ன தப்பு?

உள்ளே போனதும் பழக்கதோஷம். சூளையிலிருந்து வருகிற எதையும் நாங்கள் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டித்தான் எடுப்போம். கணீர் என்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். அந்த டூரிங் வண்டியின் டேங்க்கைத் தட்டினேன். மட்கார்டைத் தட்டினேன். முன்கண்ணாடியைத் தட்டிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"மேடம்... ஏதாவது ப்ராப்ளமா?"

"விரிசல் இருக்குதான்னு பாக்குறேன் தம்பி."

"புது வண்டி மேடம்."

"புதுசுலதான் தம்பி அதிகமா இருக்கும்."

அவர் மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பெரிய வண்டி, உயரமான சீட்டு. என் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் நான்கு குடும்பம் "பொண்ணு ரொம்ப ஒசரங்க" என்று பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார்கள். அவர்களை எல்லாம் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி அந்தப் பாதத்தைக் காட்டவேண்டும் போல இருந்தது.

டெஸ்ட் ரைடு. லைசென்ஸைக் காட்டினேன். மூன்று கலைஞர்களையும் சைடு பாக்ஸில் வைத்தேன். என் கணவர் பின்னால் ஏறினார். புதுச்சேரி ரோட்டில் திரும்பினேன்.

எப்படிச் சொல்ல? இருபத்திரண்டு வருஷம் நான் ரோட்டைப் பள்ளம் பள்ளமாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு குழி, அங்கே ஒரு ஜல்லி, அதோ ஒரு வேகத்தடை. அன்றைக்கு ரோடு ஒரே நீளமாகத் தெரிந்தது. இருபுறமும் மரங்கள் தெரிந்தன. காற்று நெஞ்சில் வந்து மோதியது. எவ்வளவு வேகம் போனேன் என்று எழுதமாட்டேன், என் மாமியார் இந்தப் பத்தியைப் படிக்கிறார். வண்டியின் விலையையும் அதே காரணத்துக்காக எழுதமாட்டேன்.

திரும்பி வந்து சைடு பாக்ஸைத் திறந்தேன்.

தாளக்காரருக்கு வலது கை இல்லை.

ஷோரூம் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "ரோடு கொஞ்சம் மோசம் மேடம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. சரசுவிடம் வார்த்தை கொடுத்திருக்கிறேன். ஃபெயில் என்றால் ஃபெயில்தான். "வாங்க, போலாம்" என்று பையைத் தூக்கினேன்.

என் கணவர் நகரவில்லை.

"வண்டி மேல தப்பு இல்ல. அங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சி. நீ பிரேக்கே போடல."

"நானா?"

"நீதான். பாட்டு பாடிக்கிட்டே போன. முப்பது வருஷத்துல நீ பாடி நான் கேட்டதில்ல."

அப்படியே நின்றுவிட்டேன். என் பின்னால் பச்சை இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். வண்டியில் ஏறினால் என் முதுகு எப்போதும் பின்னால் இருக்கும் பொம்மைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அது ஓய்ந்தது அந்த ஒரு இருபது நிமிஷம்தான். சந்தோஷமாக இருந்திருக்கிறேன்! அதற்குச் சாட்சி, உடைந்த அந்தக் கை.

வண்டியை புக் செய்தேன்.

"பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடலாமே மேடம்?" என்றார் தம்பி. கொடுக்கமாட்டேன் என்றேன். ஷெட்டுக்கு அது வேண்டும். ஓட்டத்தான் ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை காலை சரசுவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் தட்டில் இருந்து மூன்று பச்சையை எடுத்தாள். பழைய வண்டியின் ட்ரேயில் வைத்தாள். சுடிதார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரயில்வே கேட்டில் என்னைப் போலவே எழுந்து நின்று ஓட்டினாளாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"மூணும் முழுசா சூளையில எறங்கிடுச்சி அக்கா. உங்க வண்டியிலதான் ஒண்ணு போச்சி. என் வண்டியில ஒண்ணும் போவல."

என் வண்டி என்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பச்சை உடைந்தால் நஷ்டம் கிடையாது. தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடியும் களிமண்தான். தாளக்காரரையும் கரைத்துவிடலாம் என்றாள் சரசு. நான் விடவில்லை. கை இல்லாமலே சுட்டு வாங்கி எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வண்டி அடுத்த வியாழன் வருகிறது. நல்லூரில் மைத்துனர் வீட்டில் இருந்தபடி இதைப் படித்துக்கொண்டிருக்கும் என் மாமியார், இந்நேரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனைத் தேடுவார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அத்தை, இந்த வண்டியில் ஒரு ட்ரேகூட ஏறாது. நான் ஏறுவேன்.