ஒரு டின்னுக்கு மூணு மரக்கால்

பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறாமல் வரும் என்பதைத் தவிர, அந்த வயதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் சாராயக் கடைகளை மூடிய வருஷம் அது. சித்தப்பா அரியலூரில் ஒரு சாராயக் கிடங்கில் அளவைக்காரராக இருந்தவர். கிடங்கைப் பூட்டியதும், அங்கே கிடந்த பித்தளைக் கேலன் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அரிவாள் பிடித்தால் விரலை அறுத்துக்கொண்டார். கட்டு தூக்கினால் பத்து நடையில் உட்கார்ந்தார். "கேலன் வருது, வழி விடுங்கடி" என்று அறுப்புக்காரப் பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

அப்பாவுக்கு அப்போது காலில் புண். படுக்கையை விட்டு எழ முடியாது. அம்மாவின் அறுப்புக் கூலியில்தான் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட வேண்டும். மூன்று நாள் வேலைக்கு மூன்று மரக்கால் நெல். அந்த நெல் எந்த நாள் வரை வரும் என்று அம்மா நடந்துகொண்டே கணக்குப் பார்ப்பாள்.

முதல் கூலி போடுகிற அன்று களத்து மரக்காலின் அடிப்பட்டை கழன்றுவிட்டது. ஆசாரி ஊரில் இல்லை. மழை மூட்டம் வேறு. நிலத்துக்காரர் எரிச்சலோடு நின்றார். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து சித்தப்பா வாயைத் திறந்தார்.

"அய்யா, மண்ணெண்ண டின்னு ஒண்ணு இருந்தா போதுங்க. அது நாலு கேலன் புடிக்கும். ஒரு கேலனுக்கு எத்தினி படின்னு பாத்துட்டா அளந்துபுடலாம்."

அவருடைய கேலன் பாத்திரத்தை எடுத்து வரச் சொன்னார்கள். எல்லோரும் பார்க்க, சித்தப்பா அதில் படியால் தண்ணீர் ஊற்றினார். மூன்றாவது படியில் கழுத்து வரை நிறைந்து நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை. கேலனுக்கு மூன்று படி என்றால், நாலு கேலன் டின்னுக்குப் பன்னிரண்டு படி. எங்கள் ஊர் மரக்காலுக்கு நாலு படி. ஆகவே ஒரு டின் மூன்று மரக்கால்.

நிலத்துக்காரர், அம்மாவோடு வந்து நின்ற என் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா, நீ பள்ளிக்கூடம் போறவளாச்சே. கணக்கு சரியா?"

"சரிங்க" என்றேன். அத்தனை பேர் நடுவில் என் குரலை நானே கேட்டது அன்றுதான்.

அவர் சித்தப்பாவைக் களத்து மேட்டில் உட்காரவைத்து, "இனிமே நீயே அளப்பா" என்றார். டின்னை விளிம்பு மட்டமாக நிரப்பிக் கொட்டியதில், மூன்று முறை அளக்க வேண்டியது ஒரே முறையில் முடிந்தது. அம்மா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறை வந்ததும் கூடையில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்டை வீட்டு மரக்காலை வாங்கி அளந்தாள். நெல்லை மரக்காலில் அளக்கும்போது விளிம்போடு நிறுத்தமாட்டார்கள். மேலே கூம்பாகக் குவிந்து, இனி ஒரு பிடி வைத்தாலும் சரியும் என்கிறவரை போடுவார்கள். அப்படி இரண்டு மரக்கால் வந்தது. மூன்றாவது, விளிம்பைக்கூடத் தொடவில்லை.

சித்தப்பா மரக்காலின் விளிம்பை விரலால் தடவினார். "சாராயம் குமிஞ்சி நிக்காதே அண்ணி. நான் அதை நெனைக்கவே இல்ல."

"தெரியும் தம்பி. களத்துலயே தெரிஞ்சிச்சி. உங்கள ஒருத்தர் மதிச்சி உக்கார வச்சிருக்காரு. அங்க எப்படிச் சொல்ல?"

குறைவு ஒன்றரைப் படி இருக்கும். எங்களுக்கு ஒரு நாள் கஞ்சி. அறுப்பு முடிய இன்னும் மூன்று கூலி இருந்தது.

மறுநாள் சித்தப்பா நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "சாராயத்தக் கோபுரமாவா அளந்தே? கணக்குப் போட்டது நீ. சரின்னு சொன்னது உன் அண்ணன் மவ. நானா சொன்னேன்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசாரி வந்து பட்டையை மாட்டிக் கொடுத்த பிறகும் டின்னிலேயே அளக்கச் சொன்னார்.

அடுத்த கூலிக்கு நானும் அம்மாவோடு போனேன். சித்தப்பா தலையைத் தூக்காமல் ஒவ்வொருவருக்கும் விளிம்பு மட்டத்துக்கு அளந்து போட்டார். முன்பு கேலன் என்று கேலி செய்தவர்கள் இப்போது அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முறை வந்தது. டின்னைக் கூடையில் கவிழ்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் இரண்டு கையாலும் நெல்லை அள்ளி மேலே போட்டார். இன்னொரு முறையும் அள்ளிப் போட்டார்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து, போட்டதை அதே அளவுக்கு அள்ளிக் களத்துக் குவியலில் திருப்பிப் போட்டாள். "போதும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. வந்த நெல்லையும் விட்டுவிட்டு வருகிறாளே, இவளுக்குக் கணக்கே தெரியாதா என்று நினைத்தேன். எங்களுக்குப் பின்னால், அதே ஒன்றரைப் படி குறையப்போகிற இன்னும் பதினோரு பெண்கள் காலிக் கூடையோடு நின்றிருந்தார்கள். வரிசையை எண்ணிப் பார்த்தவளும் நான்தான்.