வலி திரும்பிய பிறகு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

எனக்கு வலது கன்னத்தில் நரம்பு வலி. பல் வலி என்று நினைத்து முதலில் இரண்டு பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் தாம்பரத்தில் ஒரு டாக்டர், பல்லில் ஒன்றும் இல்லை, முகத்துக்கு வரும் நரம்பில்தான் கோளாறு என்று சொன்னார். கரண்ட் கம்பியைத் தொட்டுவிட்ட மாதிரி இருக்கும். சோறு மென்றால் வரும், பேசினால் வரும், காற்று பட்டால்கூட வரும். ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் வேலை செய்யும் பெயிண்ட் கடையில் யாராவது கலர் கேட்டால், வாயைத் திறக்காமல் கலர் அட்டையை எடுத்து நீட்டிவிடுவேன். இயல்பிலேயே அதிகம் பேசாதவன் என்பதால் அங்கே யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

சபையில் எனக்காக ஜெபித்தார்கள். மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன். எதனால் என்று தெரியாது, ஒரு நாள் பல் தேய்க்கும்போது வலி இல்லை. மறுநாளும் இல்லை. என் மனைவி அழுதேவிட்டாள். அந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் சபையில் ஒருவருக்குச் சுகம் கிடைத்தால் கர்த்தருக்கு நன்றி சொல்ல அவர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது வழக்கம். சபையார் வந்து பாடி ஜெபிப்பார்கள், சுகம் பெற்றவர் எழுந்து நின்று கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்வார், பிறகு சாப்பாடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று குறித்தாயிற்று. நான்கு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாத எனக்கு அந்தச் சாட்சியை நினைத்துத்தான் பயம்.

இதற்கிடையில் பெண்கள் ஜெபக் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா என் மனைவியிடம், "கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு, உங்க வீட்டுக்காரர் இன்னும் மாத்திரை போடுறாரா? அது அவிசுவாசம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். ஆனால் அதன் பிறகு மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் ஏதோ திருடித் தின்பது போல இருந்தது. நிறுத்திவிட்டேன். கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, ஷேவ் செய்ய சோப்பைத் தடவியபோது வலி வந்தது. முன்பைவிட மோசமாக.

"கூட்டம் வேணாம்னு சொல்லிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எல்லாரையும் கூப்ட்டாச்சு. பிரியாணிக்குச் சொல்லியாச்சு. இப்ப வேணாம்னா, கர்த்தர் ஒண்ணும் செய்யலன்னு ஆயிடாதா?"

"செஞ்சாரா இல்லையான்னு எனக்கே தெரியலயே."

"அப்படிப் பேசாதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் தெரியலங்க" என்றாள்.

பாஸ்டருக்குப் போன் செய்தேன். என்னைவிட வயதில் சின்னவர். "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது? முதல்ல அதைப் போடுங்க பிரதர்" என்று திட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கூட்டம் வைக்கிறது உங்க இஷ்டம். ஆனா சுகம் வந்தாலும் வராட்டியும் ரட்சிப்பு இருக்குல்ல? அதுக்கு நன்றி சொல்லலாமே" என்றார்.

ரட்சிப்பு இருக்கிறது. என் பாவத்துக்காக இயேசு மரித்தார் என்று நம்பித்தான் வாலிப வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாய் இட்லியை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, அது ஊருக்கு வெளியே எங்கேயோ வாங்கிப்போட்ட மனை மாதிரி இருந்தது. நம்முடையதுதான், ஆனால் இன்றைக்கு அதில் குடியிருக்க முடியவில்லை. மாத்திரையைப் போட்டேன். அது வேலை செய்யச் சில நாட்கள் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கூட்டத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே சனிக்கிழமை வந்துவிட்டது.

பீர்க்கன்கரணையில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே இருக்கும் வீட்டுக்கார அக்கா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் மொட்டை மாடியைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்ததும், நாற்காலி போட ஆள் பிடித்ததும் அவர்தான். தன் வீட்டு ஸ்டாண்ட் ஃபேனையும் மேலே கொண்டுவந்து நேராக என் பக்கம் திருப்பி வைத்தார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். "இன்னா தம்பி, இப்டி வேர்க்குது, காத்தாட குந்தேன்" என்று ஃபேனை மறுபடியும் என் பக்கம் திருப்பினார். துண்டைக் கன்னத்தில் சுற்றிக்கொண்டேன்.

பாடினார்கள். ஜெபித்தார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்து, முடியுமா என்பது போலத் தலையசைத்தார். எழுந்தேன்.

"வலி திரும்பி வந்துடுச்சு" என்றேன். அதைச் சொல்லும்போதே வலித்தது. யாரோ பழக்கத்தில் "அல்லேலூயா" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். "ஆனா இயேசு எனக்காக மரிச்சாரு. அதுக்கு ஸ்தோத்திரம். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." உட்கார்ந்துவிட்டேன். ஜெபக் குழு அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாஸ்டர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எனக்காக இன்னொரு முறை ஜெபித்தார், அவ்வளவுதான்.

மற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். வீட்டுக்கார அக்கா எனக்கு ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காத தம்பி. வலி போவலன்ற. அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ பேரைக் கூட்டி வெச்சு நன்றி?"

"அக்கா, அவர் செத்தது என் பாவத்துக்காக. கன்னத்துக்காக இல்லியே."

"சரி, அப்போ கன்னத்துக்கு யாரு?"

"அவருதான்" என்றேன்.

"நல்லா கீதுபா. நீயும் கொழம்பி என்னையும் கொழப்புற. மொதல்ல துன்னு" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கன்னம் பற்றிக்கொண்டு கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய்த் தன் முந்தானையால் காற்று படாமல் மறைத்தார்.

இப்போது மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சில நாள் பரவாயில்லை, சில நாள் மோசம். நல்ல நாளில் நன்றி சொன்னால் மாத்திரைக்குச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. மோசமான நாளில் வாய் மட்டும்தான் சொல்கிறது. அது கணக்கில் சேருமா என்று பாஸ்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கார அக்கா கன்னத்துக்கு யாரு என்று கேட்டதும் "அவருதான்" என்று உடனே சொன்னேனே, அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.