தட்டிப்பார்

விருத்தாசலத்தில் நான் மேலாளராக இருந்த பீங்கான் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா வேலை பார்த்தார். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். எந்தக் கோப்பையையும் விரலால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்காமல் பெட்டிக்குள் வைக்க மாட்டார்.

ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் தொடங்கினோம். அதற்குப் பெயர் தேடுவது என் பொறுப்பு. நான் யோசித்த பெயரையெல்லாம் யாரோ முன்பே பதிவு செய்திருந்தார்கள். ஒரு நாள் டீ குடிக்கும்போது அந்த அம்மாவிடம் புலம்பினேன்.

“தட்டிப்பார்னு வைங்க சார். தட்டிப் பாத்து வாங்குனா யாரும் ஏமாற மாட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதெல்லாம் கம்பெனிக்குச் சரிப்படாதும்மா” என்றேன்.

அன்று மாலை அதையும் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். அந்தப் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போனது.

“எப்புடிய்யா தோணுச்சு ஒனக்கு?”

“திடீர்னு தோணுச்சுங்க” என்றேன்.

அடுத்த வாரம் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சான லேபிள்கள் வந்தன. பெட்டிகளில் ஒட்டியது அந்த அம்மாதான்.

“இதுல என்ன சார் எழுதியிருக்குது?”

“கம்பெனி பேருதாம்மா.”

லேபிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நல்லா இருக்குது சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன். படிக்கத் தெரியுமா என்று, அவர் வேலையை விட்டு நின்ற நாள்வரை, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.